காமாக் கதிர் வெடிப்பின் நிறமாலையை வாசிப்பது எப்படி: கொழும்பிலிருந்து ஒரு தொடக்க வழிகாட்டி

2022 ஒக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். மாலை 6:47க்கு நான் குடும்பத்தோடு வெள்ளவத்தை மரைன் டிரைவில் நின்றிருந்தேன். முழு நிலவு எழுந்திருந்தது, கடற்காற்று நன்றாக வீசியது. அதே நிமிடத்தில் எங்கள் தலைக்கு மேலே, உச்சியிலிருந்து ஏறத்தாழ 15 பாகை மட்டும் விலகி, இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பின் ஒளி வந்து சேர்ந்தது. திருவோண விண்மீனுக்கு வடமேற்கே, ஏறத்தாழ 200 கோடி ஒளியாண்டு தொலைவில் நடந்தது அது. காமாக் கதிர் வெடிப்பு என்பது தொலைதூர விண்ணில் நடக்கும் ஒரு பெருநிகழ்விலிருந்து குறுகிய நேரம் பாய்ந்து வரும் காமாக் கதிர். நாங்கள் யாரும் எதையும் காணவில்லை. காமாக் கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடும்; பார்த்தவை செய்மதிகள்தான்.

பல மாதங்கள் கழித்து, அந்த வெடிப்பு வந்த நேரத்தையும் திசையையும் கொழும்புக்கு மாற்றிக் கணக்குப் பார்த்தபோதுதான் அது எங்கள் தலைக்கு மேலே இருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து இந்த நிறமாலைகளைப் படித்து வருகிறேன். புதிதாக வருபவர்களுக்கு நான் நடந்த பாதையை ஒழுங்குபடுத்தித் தருவதே இந்தக் கட்டுரை. உயர்தரப் பௌதிகவியலும் மடக்கையும் தெரிந்தால் போதும். தொலைநோக்கி வேண்டாம். நகர வெளிச்சம் வானத்தை மறைக்கிறது என்ற கவலையும் இதில் இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு கொப்பி, கொஞ்சம் வரைபுத்தாள் இருந்தால் சரி.

முதல் படி: அளவுகளோடு பழகுங்கள்

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு போட்டனுக்கு இரண்டு மூன்று இலத்திரன்வோல்ற்று சக்தி உண்டு. ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது பல்லாயிரம் இலத்திரன்வோல்ற்று. ஆயிரம் இலத்திரன்வோல்ற்றை இனி கேஈவி என்று எழுதுகிறேன். பத்து இலட்சம் என்றால் எம்ஈவி, நூறு கோடி என்றால் ஜீஈவி, ஒரு இலட்சம் கோடி என்றால் டிஈவி. காமாக் கதிர் வெடிப்புகள் தம் சக்தியின் பெரும்பகுதியைச் சில நூறு கேஈவி அளவில் கொட்டுகின்றன. இந்த அளவு மனதில் பதிந்தால் பிறகு வரும் எண்கள் மிரட்டாது.

அடுத்து, ஒளிவளைவு வேறு, நிறமாலை வேறு. இரவில் கொத்துக் கடைக்கு அருகே கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். தகட்டில் விழும் அடி எப்போது வேகம் பிடிக்கிறது, எப்போது ஓய்கிறது என்று கேட்டால் அது ஒளிவளைவு. அந்தச் சத்தத்தில் கீச்சென்ற ஒலி எவ்வளவு, கனத்த ஒலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் அது நிறமாலை. ஒளிவளைவுகள் ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதே அரிது. நிறமாலைகளில்தான் ஒரு குடும்பச் சாயல் தெரியும்.

இரண்டாம் படி: நேரத்தைக் குறியுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்

ஒவ்வொரு வெடிப்புக்கும் அட்டவணையில் ரீ90 என்றொரு எண் இருக்கும். மொத்தக் கதிரில் 5 வீதம் வந்த கணத்திலிருந்து 95 வீதம் வந்த கணம் வரையிலான நேரம் அது. 1991இல் ஏவப்பட்ட கொம்ப்டன் ஆய்வகத்தின் பட்சே கருவி ஒன்பது ஆண்டுகளில் 2704 வெடிப்புகளைப் பதிவுசெய்தது. அதன் முதல் தரவுகளை வைத்து 1993இல் ரீ90 பரம்பலை வரைந்தபோது இரண்டு திமில்கள் தெரிந்தன, நடுவே பள்ளம் ஏறத்தாழ 2 செக்கனில். குறுகியவற்றின் நிறமாலை சராசரியில் கடினமானது, அதாவது உயர் சக்திப் போட்டன்களின் பங்கு கூட. நீண்டவை மென்மையானவை. நீண்டவை பெரும் விண்மீன் இடிந்து விழுவதாலும், குறுகியவை நியூத்திரன் விண்மீன்கள் இரண்டு மோதி இணைவதாலும் வருகின்றன என்ற விளக்கம் பிறகு வலுப்பெற்றது.

இது நல்ல தொடக்கம். ஆனால் 2 செக்கனைச் சுவர்போல நினைத்தால் ஏமாறுவீர்கள். 2021 டிசம்பர் 11இல் வந்த 211211ஏ அரை நிமிடத்துக்கும் மேல் நீடித்தது. ஆனாலும் அதன் பின்னே நியூத்திரன் விண்மீன் இணைவின் அடையாளமான கிலோநோவா ஒளி கண்டுபிடிக்கப்பட்டது. 2020 ஓகஸ்ட் 26இல் வந்த 200826ஏ ஒரு செக்கன் அளவுதான், அதுவோ விண்மீன் இடிந்ததால் வந்தது. நேரம் ஒரு தடயம், தீர்ப்பு அல்ல. அதனால் கொப்பியில் ரீ90 எழுதும்போது பக்கத்தில் எந்தக் கருவி, எந்தச் சக்தி வீச்சில் அளந்தது என்றும் எழுதுங்கள். ஒரே வெடிப்புக்கு ஃபெர்மி செய்மதி ஒரு நேரமும் ஸ்விஃப்ட் செய்மதி இன்னொரு நேரமும் தருவது வழக்கம்.

மூன்றாம் படி: பாண்ட் சார்பைக் கையால் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள். இதைத் தாண்டாமல் மென்பொருளைத் தொட்டவர்கள் எண்களை வாங்குவார்கள், வாசிக்க மாட்டார்கள்.

டேவிட் பாண்டும் கூட்டாளிகளும் 1993இல் ஒரு சார்பைத் தந்தார்கள். பெரும்பாலான வெடிப்புகளின் நிறமாலை அதில் பொருந்துகிறது. அதற்கு நான்கு பரமானங்கள்: எவ்வளவு கதிர் என்ற அளவு, தாழ் சக்திப் பக்கச் சரிவான அல்பா, உயர் சக்திப் பக்கச் சரிவான பீற்றா, உச்சச் சக்தி. அல்பா பெரும்பாலும் -1ஐ ஒட்டியும் பீற்றா -2.2, -2.5 அளவிலும் இருக்கும். தாழ் பக்கத்தில் சார்பு ஓர் அடுக்கு விதியை, அதாவது சக்தியை ஒரு நிலையான அடுக்குக்கு உயர்த்தியதை, ஓர் அடுக்குக்குறி வீழ்ச்சியால் பெருக்கியது. உயர் பக்கத்தில் வெறும் அடுக்கு விதி. இரண்டும் இழை தெரியாமல் ஒட்டியிருக்கும்.

இப்போது கணக்கு. அல்பா -1, பீற்றா -2.3, உச்சச் சக்தி 300 கேஈவி என்று எடுங்கள். வீழ்ச்சிச் சக்தி என்பது உச்சச் சக்தியை அல்பாவோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுத்தது. இங்கே அதுவும் 300. இரு பகுதிகளும் சேரும் இடம், அல்பாவிலிருந்து பீற்றாவைக் கழித்து வரும் 1.3ஐ 300ஆல் பெருக்கியது, அதாவது 390 கேஈவி. 100 கேஈவியை அலகாக வைத்து, அளவுப் பரமானத்தை 1 என்று எடுத்தால் போட்டன் எண்ணிக்கை இப்படி வரும்: 10 கேஈவியில் 9.67, 100இல் 0.717, 300இல் 0.123, 1000இல் 0.0080.

பார்த்தவுடன் 10 கேஈவியில்தான் வெடிப்பு பலமாக இருக்கிறது என்று தோன்றும். எண்ணிக்கையில் அது உண்மைதான், 1000இல் இருப்பதைவிட ஆயிரத்து இருநூறு மடங்கு கூட. ஆனால் நாம் கேட்பது சக்தி எங்கே கொட்டுகிறது என்று. சில்லறைக் காசு எண்ணிக்கையில் அதிகம் இருந்தாலும் பெறுமதி தாள்களில் இருப்பதுபோல. ஒவ்வொரு எண்ணையும் அதன் சக்தியின் வர்க்கத்தால் பெருக்குங்கள். சக்தியால் ஒரு முறை பெருக்குவது போட்டனின் பெறுமதிக்காக. இன்னொரு முறை, மடக்கை அச்சில் ஒவ்வொரு பத்து மடங்கு வீச்சையும் சமமாக ஒப்பிடுவதற்காக. இப்போது வருபவை முறையே 967, 7170, 11040, 8010. இந்த நான்கையும் மடக்கை வரைபுத்தாளில் குறித்து இணைத்தால் 300 கேஈவியில் ஒரு மலை எழும். உச்சச் சக்தி என்று எல்லாரும் சொல்வது இந்த மலையுச்சியைத்தான்.

அப்புறம் அல்பாவை -0.5 ஆகவும் பிறகு -1.5 ஆகவும் மாற்றி, உச்சத்தை 300இலேயே வைத்து மறுபடி போடுங்கள்; வீழ்ச்சிச் சக்தி மாறும் என்பதைக் கவனியுங்கள். மலையின் இடப்பக்கச் சரிவு செங்குத்தாவதும் சாய்வதும் கண்ணுக்குத் தெரியும். நான் இதைப் பதினைந்து இருபது தாளில் போட்ட பிறகுதான், அட்டவணையில் -0.6 என்று கண்டதும் மனதில் ஒரு வடிவம் வரத் தொடங்கியது.

நான்காம் படி: சாளரத்தையும் தூரத்தையும் கேளுங்கள்

ஸ்விஃப்ட் செய்மதியின் அட்டவணையைத் திறந்தால் பெரும்பாலான வெடிப்புகள் உச்சமே இல்லாத நேர்கோடுகளாக, வெறும் அடுக்கு விதியாகக் கிடக்கும். புதியவர்கள் உடனே இது வேறொரு வகை வெடிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. ஸ்விஃப்டின் வெடிப்புக் கருவி பார்ப்பது 15 முதல் 150 கேஈவி வரை. உச்சம் 300இல் இருந்தால் அந்தச் சாளரத்துக்கு மலையின் ஒரு பக்கச் சரிவு மட்டும்தான் தெரியும். ஃபெர்மியின் ஜீபிஎம் கருவி 8 கேஈவியிலிருந்து 40 எம்ஈவி வரை பார்ப்பதால் அதே வெடிப்பு அங்கே முழு மலையாகத் தெரியலாம்.

தூரமும் அப்படித்தான். பிரபஞ்சம் விரிவதால் போட்டன்கள் வழியில் சக்தி இழந்து வருகின்றன. அந்த இழப்பைக் காட்டும் எண்ணான செம்பெயர்ச்சி தெரிந்தால் அதோடு 1 கூட்டி உச்சச் சக்தியைப் பெருக்க வேண்டும். 2008 செப்டெம்பரில் வந்த 080916சி வெடிப்பின் செம்பெயர்ச்சி 4.35, அதன் உச்சத்தை 5.35ஆல் பெருக்காமல் அருகிலுள்ள ஒன்றோடு ஒப்பிட்டால் ஒப்பீடே பிழை.

ஐந்தாம் படி: நேரத்தைத் துண்டாக்குங்கள்

வெடிப்பு நடக்கும்போதே நிறமாலை மாறுகிறது. பல வெடிப்புகளில் ஒவ்வொரு துடிப்பும் கடினமாகத் தொடங்கி மென்மையாக இறங்கும். சிலவற்றில் பிரகாசம் ஏறும்போது உச்சச் சக்தியும் ஏறி, இறங்கும்போது இறங்கும். முழு நேரத்துக்கும் ஒரே நிறமாலை எடுத்தால் பல மலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, எந்தக் கணத்திலும் இல்லாத ஒரு பரந்த குன்று கிடைக்கும். அதன் அல்பாவைப் பார்த்துப் பௌதிகம் பேசுவது ஆபத்து. உச்சத் துடிப்பைச் சுற்றிய சிறு துண்டை எடுங்கள், பிறகு முன்னும் பின்னும் இரண்டு மூன்று துண்டுகள். துண்டு மிகச் சிறிதானால் போட்டன் போதாது, பிழை எல்லைகள் பெருத்துவிடும். இந்த இழுபறிக்கு ஒரே விடை கிடையாது. வெடிப்புக்கு வெடிப்பு நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

ஆறாம் படி: கதிர் எந்த வகை என்று கேளுங்கள்

வெடிப்பின் மையத்திலிருந்து ஒளிவேகத்தின் 99.99 வீதத்துக்கும் கூடிய வேகத்தில் ஒரு தாரை பாய்கிறது. அந்தத் தாரையிலிருந்து கதிர் எப்படிப் பிறக்கிறது? எனக்கு இத்துறையில் மிகவும் பிடித்த கேள்வி இதுதான். இன்றும் முழுதாக முடியாத கேள்வி.

ஒரு விடை சிங்க்ரொட்ரோன் கதிர்ப்பு: காந்தப்புலத்தில் சுழலும் வேக இலத்திரன்கள் வீசுவது. இதற்கு அல்பாவில் ஒரு கடுமையான எல்லை உண்டு. எளிய சிங்க்ரொட்ரோனில் அல்பா -2/3ஐ விட மேலே போக முடியாது. ஆய்வாளர்கள் இதை மரணக் கோடு என்கிறார்கள். இலத்திரன்கள் விரைவாகக் குளிர்ந்தால் அல்பா -3/2 ஆக வேண்டும். மூன்றாம் படியில் சொன்ன -1 எங்கே நிற்கிறது பாருங்கள்: இரண்டுக்கும் நடுவே. போதாததற்குக் கணிசமான வெடிப்புகள் மரணக் கோட்டையே தாண்டி நிற்கின்றன. எளிய விளக்கம் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொரு விடை வெப்பக் கதிர்ப்பு. தாரை தொடக்கத்தில் ஒளிபுகாதது. விரிந்து ஒளி வெளியேறும் இடத்தை, சூரியனில் சொல்வதுபோல, ஒளிமண்டலம் என்கிறோம். அங்கிருந்து வருவது கரும்பொருள் நிறமாலையை ஒத்திருக்கும்: ஒடுங்கிய மலை, தாழ் பக்கத்தில் போட்டன் சரிவு +1 வரை போகலாம். 2009 செப்டெம்பர் 2இல் வந்த 090902பி இதற்கு நல்ல பாடம். மிக ஒடுங்கிய மலை ஒன்று, அதன் இருபுறமும் நீண்டு கிடக்கும் தனி அடுக்கு விதி ஒன்று. ஒரே வெடிப்பில் இரண்டு வகைக் கதிர். 2017 ஓகஸ்ட் 17இல், இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைக்கு 1.7 செக்கன் பின்னால் வந்த 170817ஏயில் கடினமான முதல் துடிப்பைத் தொடர்ந்து, ஏறத்தாழ 10 கேஈவி வெப்பநிலை கொண்ட மெல்லிய வெப்ப வால் இருந்தது. முழுவதையும் ஒரே துண்டாக எடுத்திருந்தால் அந்த வாலைத் தனியாகக் கண்டிருக்க முடியாது.

மூன்றாவது, மிக உயர் சக்தி. ஃபெர்மியின் லாட் கருவி காணும் ஜீஈவி போட்டன்கள் பல வெடிப்புகளில் சற்றுத் தாமதமாகத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது பிறக்கும் பின்னொளியைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. 2019 ஜனவரி 14இல் வந்த 190114சியை லா பல்மா தீவின் மாஜிக் தொலைநோக்கிகள் டிஈவி அளவு வரை கண்டன. அதன் பின்னொளி நிறமாலையில் இரண்டு மலைகள்: முதலாவது சிங்க்ரொட்ரோன், இரண்டாவது, அதே ஒளியை அதே இலத்திரன்கள் உதைத்து உயர்த்தியது, நேர்மாறு கொம்ப்டன் சிதறல்.

எங்கள் தலைக்கு மேலே வந்த 221009ஏ இன்னும் ஒருபடி போனது. சீனாவின் லாசோ ஆய்வகம் அதிலிருந்து 10 டிஈவியைத் தாண்டிய போட்டன்களையும் பதிவுசெய்தது. இத்தனை பிரகாசமான ஒன்று பூமிக்கு வருவது ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024இல் வெளிவந்த ஆய்வு, அதன் நிறமாலையில் ஏறத்தாழ 12 எம்ஈவியிலிருந்து 6 எம்ஈவி வரை இறங்கிச் செல்லும் ஒரு கோட்டைக் காட்டியது. இலத்திரனும் பொசித்திரனும் அழியும்போது பிறக்கும் 511 கேஈவி ஒளி, நம்மை நோக்கிப் பாயும் தாரையின் வேகத்தால் உயர்ந்து தெரிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். கோடுகளே இல்லாதவை என்று நினைத்திருந்த நிறமாலைகளில் ஒரு கோடு.

மென்மையான பக்கத்தில் எக்ஸ்ரே மின்னல்கள் உண்டு, உச்சம் சில பத்து கேஈவிக்குக் கீழே. அவற்றை வேறு இனமாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அதே தொடரின் தாழ்ந்த முனைதான்.

ஏழாம் படி: உங்கள் கையால் ஒரு வெடிப்பு

நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் ஃபெர்மி ஜீபிஎம் தரவுகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. முதல் பயிற்சிக்கு 221009ஏயை எடுக்காதீர்கள். அது அத்தனை பிரகாசம் என்பதால் உணரிகள் திணறிவிட்டன; திருத்தம் தெரியாமல் தொட்டால் பிழையான நிறமாலைதான் வரும். நடுத்தரப் பிரகாசம், ஒரே துடிப்பு, முன்னும் பின்னும் தெளிவான அமைதி உள்ள ஒன்றைத் தேடுங்கள்.

ஜீபிஎம்மில் சோடியம் அயடைட்டு உணரிகள் 12, பிஸ்மத் ஜேர்மனேற்று உணரிகள் 2. பதினான்கையும் இறக்கி டேட்டாவை வீணாக்க வேண்டாம். வெடிப்பின் திசைக்கு 60 பாகைக்குள் பார்க்கும் அயடைட்டு உணரிகள் இரண்டு மூன்றும், அந்தப் பக்கத்து பிஸ்மத் உணரி ஒன்றும் போதும். ஒவ்வொன்றுக்கும் போட்டன் வந்த நேரக் கோப்பும் துலங்கல் கோப்பும் எடுங்கள். வெடிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அமைதியான நேரங்களைத் தெரிவுசெய்து பின்னணியைப் பொருத்துங்கள். இங்கே சோம்பல் பட்டால் பீற்றா முழுவதும் பிழைக்கும், ஏனென்றால் உயர் சக்தியில் வெடிப்பின் போட்டன்கள் பின்னணிக்குள் அமிழ்ந்து கிடக்கும். 33 கேஈவி அருகே அயடீன் தன் அடையாளத்தைப் பதிக்கும். 30 முதல் 40 வரையிலான பகுதியை விட்டுவிடலாம்.

துலங்கல் கோப்பு எதற்கு என்று கேட்பீர்கள். உணரி போட்டனின் உண்மைச் சக்தியை அப்படியே தருவதில்லை. 500 கேஈவி போட்டன் பாதிச் சக்தியை விட்டுவிட்டுத் தப்பி, 250 என்று பதிவாகலாம். அதைத் திருப்பிப் பிரிக்க முடியாது. சொதியைச் சுவைத்துவிட்டுத் தேங்காய்ப்பால், புளி, மஞ்சள் என்று தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா? ஒரு கைப்பக்குவத்தை ஊகித்து, சமைத்து, சுவையை ஒப்பிட்டு, மாற்றிச் சமைக்கிறோம். இங்கேயும் பாண்ட் சார்பை ஊகித்து, துலங்கல் வழியாக அனுப்பி, வரும் எண்ணிக்கையை அளந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பரமானங்களை மாற்றுகிறோம். எக்ஸ்ஸ்பெக் என்ற மென்பொருள் இதைச் செய்யும். விண்டோஸ் கணினியானால் உள்ளே ஒரு லினக்ஸ் சூழல் நிறுவ வேண்டும். பைதன் தெரிந்தவர்களுக்கு ஜீபிஎம் தரவுக் கருவிகள் இலகு. போட்டன்கள் குறைவாக இருக்கும் என்பதால் பொருத்தத்தின் தரத்தை அளக்கக் கைவர்க்கம் வேண்டாம், குறைந்த எண்ணிக்கைகளுக்கு ஏற்ற பிஜி-ஸ்டாட் என்ற அளவை எடுங்கள்.

வெறும் அடுக்கு விதி, வெட்டுள்ள (உயர் சக்தியில் அடுக்குக்குறியாக வீழும்) அடுக்கு விதி, பாண்ட் என்று மூன்றையும் பொருத்துங்கள். பரமானம் கூடினால் பொருத்தம் எப்போதும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும்; அதற்காகச் சிக்கலானதைத் தெரிவுசெய்ய வேண்டாம். மிச்சங்களை, அதாவது அளந்ததற்கும் சார்பு தருவதற்கும் உள்ள வித்தியாசங்களை, வடிவாகப் பாருங்கள், அவை ஒரு பக்கம் சாய்ந்து வளைந்திருந்தால் சார்பு போதாது. முடிவில் உங்கள் எண்ணை ஜீபிஎம் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பிழை எல்லைக்குள் ஒத்து வராவிட்டால் முதலில் நேரத் துண்டையும் பின்னணியையும் சரிபாருங்கள். எனக்குப் பெரும்பாலும் பிழைத்தது பின்னணிதான்.

கொப்பியில் எழுதும்போது உச்சச் சக்தி 300 என்று மட்டும் எழுதாமல், எந்த உணரி, எந்தச் செக்கனிலிருந்து எந்தச் செக்கன் வரை, எந்தச் சார்பு என்று அதே வரியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது அந்த வரி இல்லாமல் எண்ணுக்குப் பொருளே இருக்காது.

அதோடு இன்னொரு வரி, இது நான் சேர்ப்பது. ஃபெர்மியின் வெடிப்பு இலக்கங்களில் முதல் ஆறு இலக்கம் திகதி, கடைசி மூன்றும் நாளின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 221009553 என்றால் 0.553ஐ 24ஆல் பெருக்கி 13.27 மணி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் 18.77, மாலை 6:46 (மூன்று இலக்கம்தான் என்பதால் ஒரு நிமிடம் பிசகலாம்). 170817529ஐயும் அப்படியே போட்டுப் பாருங்கள். மாலை 6:11 வரும். கொழும்பில் சூரியன் மறையச் சில நிமிடங்கள் இருக்கையில், தென்மேற்கே கடலுக்கு மேல், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் இருந்தது அந்த இணைவு.